தவறு என்றொரு வினைச்சொல்

பொன்மலை ரயில்வே பட்டறையின் சங்கு ஊதியதும் கட்டிலிலிருந்து குதித்து இறங்கி, இருட்டில் பூட்ஸைத் தேடினேன். ஒரு காலில் மாட்டியும் விட்டேன். போர்மேன் வாசலிலேயே நிறுத்திவிடுவாரே என்ற பயம். கொசுவலை முகத்தில் சிக்கிய பிறகுதான் நான் இருக்கும் ஊர் எது என்று நினைவு வந்தது. மால்டாவில் எங்கள் கப்பல் பட்டறையில் ஊதும் சங்கும் இதே குரல்தான். ஐயாயிரம் மைல் கடந்து வந்தும் சங்கு என்னை விடவில்லை. அன்று விடியும்வரை, ஒரு காலில் பூட்ஸோடு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மால்டா ஒரு சின்னத் தீவு. திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் தூரத்தில் பாதிதான் அதன் நீளம். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, கப்பல் பட்டறையில் எண்ணெய்த் துணி பிழியும் வேலைக்குப் போனேன். இருபத்திரண்டாவது வயதில் மடத்தில் சேர்ந்தேன். பூசை வைக்கும் குருவாக அல்ல. தச்சு, பழுதுபார்ப்பு, சமையல் என்று கைவேலை செய்யும் சகோதரராக. ஐம்பதுகளின் நடுவில் என்னையும் வேறு இருவரையும் பயிற்சிக்காகத் திருச்சிக்கு அனுப்பினார்கள். அந்த இருவரும் லத்தீனில் கனவு காண்பவர்கள். எனக்கு ஆங்கிலமே அரைகுறை.

எட்டு மாதத்தில் தமிழ் படிக்கவேண்டும். முடிவில் மடத்துப் பெரிய சாமியார் முன்னால் தேர்வு. தேறினால் இங்கேயே வேலை. பத்து வருடத்துக்கு ஊர்ப்பக்கம் போக முடியாது, அதுதான் மடத்தின் சட்டம். தேறாவிட்டால் அடுத்த கப்பலில் ஊருக்கு.

துறைமுகத்தில் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "திரும்பி வருவாயா?" நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு "ஸஹ்ஹா" என்றேன். எங்கள் மொழியில் விடைபெறும் சொல் அது. 'ஆரோக்கியம்' என்று பொருள். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

ஆகவே நான் தேற வேண்டும் என்றும் பயந்தேன், தேறக்கூடாது என்றும் பயந்தேன். இரண்டு பயத்துக்கும் ஒரே வயிறுதான் இருந்தது.

எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்தவர் வரதன். மடத்தில் அவரை முன்ஷி என்பார்கள். என்னைவிட இரண்டு வயதுதான் கூடுதல். பி.ஏ. முடித்துவிட்டு, வேலை உத்தரவு இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்தவர். நெற்றியில் நாமம், சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். மடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். தன் கூஜாவைத் தானே கொண்டுவருவார்.

முதல் வாரம் முழுக்க ஒரே எழுத்து. நாக்கை மடக்கு, மேலே தொடாதே, இன்னும் உள்ளே. என் நாக்கு எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"மழை" என்பார் வரதன்.

"மலை."

"மலை மேல எதுக்கு ஏறறேள்? மழை."

"மளை."

"பிரதர், இந்த ஊர்ல ஏற்கெனவே மழை கம்மி. நீங்க இப்படிக் கூப்பிட்டா வரவே வராது."

எழுத்துப் பயிற்சி நோட்டைத் திருத்தும்போது ஓரத்தில் சிவப்பில் 'தவறு' என்று எழுதுவார். ஒரு பக்கத்தில் பத்து, பன்னிரண்டு. எழுத்துக் கூட்டாமல், பார்த்தவுடனே நான் வாசித்த முதல் தமிழ்ச் சொல் அதுதான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பிரம்படிக்கெல்லாம் இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டதுபோல இருந்தது. ராத்திரி கண்ணை மூடினாலும் அந்த நான்கு எழுத்து தெரியும். நான்கா, மூன்றா? பாருங்கள், இப்போதுகூட எண்ணிச் சரிபார்க்கிறேன். மூன்றுதான்.

புத்தகத்தில் இல்லாத சொற்களையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். "உங்கள் வீட்டில் சமையலுக்கு என்ன சொல்வீர்கள்?" என்று ஒரு நாள் வரதனிடம் கேட்டேன். "தளிகை" என்றார். ரசத்துக்கு? "சாற்றமுது." அழகான சொற்கள். பத்திரமாக எழுதி வைத்தேன். அவை ஊர் முழுக்கச் செல்லும் என்றுதான் நினைத்தேன்.

மடத்துக்குப் பக்கத்திலேயே ரயில்வே குடியிருப்பு. பட்டறையில் பிட்டராக இருந்த ரத்தினம் தினமும் சைக்கிளில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் ஷிப்டுக்குப் போவார். முப்பது வயதிருக்கும். ஒரு நாள் அவருடைய சைக்கிள் செயின் எங்கள் வாசலில் கழன்றது. நான் போய் மாட்டிக் கொடுத்தேன். என் கைக்காய்ப்பைப் பார்த்துவிட்டு, "சாமியாரு கை மாதிரி இல்லியே, பட்டறைக் கை மாதிரில்ல இருக்கு" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

மறுநாள் ரத்தினம் என்னைத் தன் வீட்டுப் பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். பெஞ்சில் ஷிப்டு முடிந்த நாலைந்து பேர். நான் கைகூப்பி, சேர்த்துவைத்த தமிழை எடுத்து வைத்தேன். "வணக்கம். அனைவருக்கும் தளிகை ஆயிற்றா?"

 ஒருவர் டீயைத் துப்பிவிட்டார்.

"யோவ் ரத்தினம், சீரங்கத்து அய்யங்காரக் கூட்டியாந்திருக்க! வெள்ளை அய்யங்காரு!"

"நாமத்த மட்டும் வீட்டுல மறந்து வெச்சிட்டு வந்துட்டாரு."

"சாமி, இன்னைக்குச் சாத்தமுது எப்படி?"

என் காது சூடாகிவிட்டது. ரத்தினம் அவர்களை அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிரதர், இங்க 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டாப் போதும். நீங்க கேட்டது பெருமாள் கோயில் மடப்பள்ளில கேக்கறது." அந்தப் பெயர் மட்டும் எனக்கு நின்றுவிட்டது. இன்றைக்கும் பொன்மலையில் சில பழைய ஆட்களுக்கு நான் வெள்ளை அய்யங்கார்தான்.

ரத்தினத்தின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு முறத்தில் சுண்டைக்காய் வற்றல் காயப்போட்டிருந்தார். மோரில் ஊறவைத்து வெயிலில் கறுத்த சின்னச் சின்னக் காய். எங்கள் ஊரில் சுவர் இடுக்குகளில் ஒரு செடி முளைக்கும். அதன் மொட்டைப் பறித்து அம்மா உப்பில் ஊறவைப்பாள். அதே நிறம், அதே உருண்டை. கேட்காமல் கொள்ளாமல் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டேன். கசப்பும் உப்பும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ தம்பி, வறுக்காமத் திங்கறியே! கசக்கலியா?"

"எங்கள் அம்மாவும் இப்படி" என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல் தெரியவில்லை.

அவருக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் எல்லோரும் என்னை பிரதர் என்றும் சாமி என்றும் கூப்பிட்டபோது, தம்பி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். உள்ளே ரத்தினத்தின் மனைவி செல்லம் ஏதோ பாத்திரத்தை ஓசையோடு வைத்தார். மாமியார் வாசலிலிருந்தே, "மெதுவா வெச்சா பாத்திரத்துக்கு வலிக்குமா?" என்று குரல் கொடுத்தார். அந்த வீட்டில் இந்தச் சண்டை தினமும் உண்டு என்று ரத்தினம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த விவரம் பிறகு எனக்கு வினையாக வந்தது.

மூன்றாம் மாதம், மடத்துக்கு ஆணி வாங்க ஜங்ஷனிலிருந்து பாலக்கரைக்கு பஸ் ஏறினேன். வழியில் ஒரு மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை மிதித்தார். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையறியாமல் கத்தினேன்: "அல்லா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய். தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னையும் என் கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க நம்ம ஆளா?"

"இல்லை. நான் கிறிஸ்தவன்."

"அப்ப அல்லான்னீங்க?"

"எங்கள் மொழியில் கடவுளின் பெயர் அதுதான். மாதா கோயிலிலும் அப்படித்தான் சொல்வோம்."

 அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் கண்டக்டர் பின்னாலிருந்து, "பாய், அவரு யாரக் கூப்பிட்டா என்ன? பிரேக் புடிச்சிதுல்ல?" என்றார். மாடு போய்விட்டது. ஆனால் பஸ் கிளம்பவில்லை. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பாய் என் பக்கத்திலேயே தோள் கொடுத்தார். இறங்கும்போது, "ஒங்க அம்மா, அப்பா இருக்காங்களா?" என்று கேட்டார். "அம்மா இருக்கிறாள்." "அவங்கள விட்டுட்டா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. இருந்தாலும் ஆணிக் கடையில் எத்தனை ராத்தல் கேட்டேன் என்பதே எனக்கு நினைவில்லை.

ஐந்தாம் மாதம் வரதன் என்னைத் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனார். காவிரிப் பாலத்தில் நான் அவர் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தீவில் ஆறே கிடையாது. கடல் உண்டு, கிணறு உண்டு, ஆறு கிடையாது. இவ்வளவு தண்ணீர் ஒரே பக்கமாக, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பதை அன்றுதான் பாலத்தின் மேலிருந்து பார்த்தேன்.

"என்ன பிரதர், மூச்சு முட்டறது எனக்கு."

"இந்தத் தண்ணீர் எப்போது திரும்பி வரும்?"

"அது வராது" என்றார் வரதன். "வேற தண்ணி வரும்."

சித்திரை வீதியில் பெருமாள் புறப்பாடு. கோயிலுக்குள் எனக்கு அனுமதி இல்லை என்பது தெரியும். வீதியின் ஓரத்தில் நின்றேன். பல்லக்கைச் சுமந்து வந்தவர்கள் ஒரே நடையில், ஒரே அசைவில் வந்தார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் புனிதரின் மரச் சிலையை இப்படித்தான் தோளில் சுமப்போம். என் அப்பா உயிரோடு இருந்தவரை சுமந்தார். சுமந்து சுமந்து தோளில் ஒரு கட்டி புடைத்துவிடும். அதை எங்கள் மொழியில் 'ரொட்டி' என்போம். இங்கே பல்லக்கு என் முன்னால் வந்தபோது, முன்கொம்பைத் தாங்கிய மனிதரின் தோளில் அதே கட்டி. நான் கையை நீட்டி, சத்தமாக, "ரொட்டி!" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு மாமி, "பாவம், பசி போலிருக்கு" என்றார்.

வரதன் வீட்டில் எனக்கு மோர் கொடுத்தார்கள். வாசல் அறையில் உட்காரவைத்து, தனியாக எடுத்துவைத்த ஒரு டம்ளரில். வரதன் அந்த டம்ளரைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அது தெரிந்தது. அவருக்கும் எனக்குத் தெரிந்தது தெரிந்தது. மோர் நன்றாக இருந்தது. எழுந்து, "நான் போகிறேன்" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் அம்மாவின் குரல் பதறியது. "டேய் வரதா, அவர அப்படிச் சொல்லவேண்டாம்னு சொல்லு! போயிட்டு வரேன்னு சொல்லச் சொல்லு!"

வரதன் என் நோட்டைப் பிடுங்கினார். "இது முக்கியம். எங்கே போனாலும், யார் ஆத்துலேர்ந்து கிளம்பினாலும், போறேன்னு சொல்லவே படாது. போயிட்டு வரேன். எழுதிக்கோங்கோ."

எழுதிக்கொண்டேன். 'எங்கே போனாலும்' என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். திரும்பும்போது பாலத்தின் மேல் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். போகிறதும் வருகிறதும் ஒரே மூச்சில் இருக்கும் சொல். துறைமுகத்தில் அம்மா கேட்டபோது இந்தச் சொல் என்னிடம் இருந்திருந்தால், பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கமாட்டேன்.

ஆறாம் மாதம் ஒரு காலை. சங்கு ஊதி முடிந்திருந்தது. மடத்து வாசலில் ரத்தினம் நின்றார். சைக்கிள் இல்லை. சட்டை இல்லை. தோளில் ஒரு துண்டு மட்டும்.

"பிரதர்" என்றார். "அம்மா தவறிட்டாங்க."

ஒரு வார்த்தைகூடத் திரும்பக் கேட்காமல் அந்த வாக்கியம் எனக்குப் புரிந்தது. அம்மா: தாயார். தவறு: என் நோட்டு முழுக்க இருப்பது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இன்றைக்குக் கொஞ்சம் பெரிய சண்டை போலிருக்கிறது, இந்த முறை பிழை மாமியார் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், சட்டைகூடப் போடாமல் ஓடிவந்திருக்கிறார். அவரைத் தேற்றவேண்டும். வாக்கியத்தை மனசுக்குள் ஒரு முறை அமைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"பரவாயில்லை, ரத்தினம். எல்லாரும் தவறுவோம். திருத்திக்கொள்ளலாம்."

அவர் என்னைப் பார்த்தார். மடத்துப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நன்றாகத் தேற்றிவிட்டோம் என்று நான் நினைத்தேன். ஒரு பிழையில்லாமல் மூன்று வாக்கியம் பேசியிருக்கிறேன். எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அதை எழுதத்தான் கை கூசுகிறது.

எட்டு மணிக்கு வரதன் வந்ததும் அந்த உரையாடலை அப்படியே நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். வாசித்தார். பென்சில் காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது.

"இலக்கணத்துல ஒரு தப்பும் இல்லை" என்றார் மெதுவாக. பிறகு, "பிரதர், தவறிட்டாங்கன்னா செத்துப்போயிட்டாங்கன்னு அர்த்தம்."

 "செத்தார் என்று ஒரு சொல் இருக்கிறதே. நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?"

"இருக்கு. பெத்த தாயாரப் பத்தி அதச் சொல்ல வாய் வருமா?"

சமையலறையிலிருந்து மடத்துச் சமையற்காரி அந்தோணியம்மாள் எட்டிப் பார்த்தார். "அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ரெண்டு கேக்கலாம்னுதான் பிரதர் வந்துச்சு. வரவங்க ஒக்கார வேணும்ல? நீங்க என்னமோ சொன்னீங்க, கேக்காமயே போயிடுச்சு."

நான் பள்ளிக்கூடத்து அறைக்கு ஓடினேன். தேக்குப் பெஞ்சு, ஒரு ஆளால் தூக்க முடியாது. ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மறுமுனை தானாக உயர்ந்தது. திரும்பிப் பார்த்தால் வரதன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"குவார்ட்டர்ஸ் முனைவரைக்கும் வரேன்" என்றார். "அதுக்கு மேல வரப்படாது."

முனை வந்தது. அவர் நிற்கவில்லை. "ஆத்துக்குப் போய்த் தலைக்குக் குளிக்கணும், அவ்வளவுதானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு தரம் நடந்தோம், இரண்டு பெஞ்சு. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெள்ளை அய்யங்காரையும் நிஜ அய்யங்காரையும் பார்த்து அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் சாவு என்றால் ஜன்னலை மூடிவிடுவோம், கண்ணாடியைத் திருப்பிவிடுவோம், குசுகுசுவென்று பேசுவோம். இங்கே பறை அதிர்ந்தது. செல்லம் மாமியாரின் காலைப் பிடித்துக்கொண்டு, அந்தம்மா தன்னைத் திட்டிய திட்டையெல்லாம் வரிசையாகச் சொல்லிச் சொல்லி, இனி யார் என்னைத் திட்டுவார் என்று அழுதார். வாசலில் முறம் அப்படியே இருந்தது. சுண்டைக்காயை எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் சுமந்து வந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். ரத்தினம் ஒரு முறை என் பக்கம் பார்த்தார். மன்னித்தாரா இல்லையா என்று அந்தப் பார்வையில் ஒன்றும் தெரியவில்லை.

எடுத்துக்கொண்டு போகும் நேரம் நெருங்கியதும் எழுந்தேன். மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பவேண்டும். இதிலாவது பிழை வரக்கூடாது. கைகூப்பி, உரக்க ஆரம்பித்தேன். "போயிட்டு..."

செல்லம் பாய்ந்து எழுந்து என் வாய்க்கு நேரே கையை நீட்டினார். "வேண்டாம் பிரதர், சொல்லாதீங்க! துக்க வீட்டுல சொல்லிக்கக் கூடாது. வரேன்னா, இன்னொரு துக்கத்துக்கு வரேன்னு ஆயிடும். எந்திரிச்சு சும்மாப் போயிடுங்க."

சும்மாப் போனேன்.

வழியில் வரதன் என் நோட்டைக் கேட்டு வாங்கினார். 'எங்கே போனாலும்' என்று நான் இரண்டு கோடு போட்ட இடத்தைத் தேடிப்பிடித்து, அதன் ஓரத்தில் சிவப்பில் 'தவறு' என்று எழுதினார். "இது ஒங்களுது இல்ல" என்றார். "என்னுது."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. பாடத்தில் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில். வெளியே போனால் கையால் ஜாடை. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஒரு சாவு பதுங்கியிருப்பதுபோல ஒரு பயம். ரத்தினத்தின் சைக்கிள் மணி கேட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். இருபது நாள் போல இப்படிப் போனது. தேர்வுக்கு ஆறு வாரம்கூட இல்லை. பேசாமலே இருந்துவிட்டால் கப்பல் ஏற்றிவிடுவார்கள், அம்மாவைப் பார்க்கலாம், நான் வேண்டுமென்று தோற்றதாக யாரும் சொல்லமுடியாது. அப்படியும் ஒரு யோசனை ஓடியது என்பதை மறைக்கமாட்டேன்.

காரியம் எல்லாம் முடிந்து, மொட்டைத் தலையோடு ரத்தினம் ஒரு சாயங்காலம் நேரே மடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை எட்டிப் பார்த்தார்.

"என்ன பிரதர், ஒளிஞ்சு வெளையாடறீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்க சொன்னத நெனச்சுப் பாத்தேன். எல்லாரும் தவறுவோம்னீங்க. அது சரிதான். திருத்திக்கலாம்னீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "எங்கம்மாவத் திருத்த எங்கப்பா நாப்பது வருஷம் பாத்தாரு. முடியாமத்தான் அவரு முன்னாடியே போயிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினார். சுண்டைக்காய் வற்றல். "அவங்க கையால போட்டது. கடைசி. வறுத்துத் தின்னுங்க, பச்சையாத் திங்காதீங்க."

"நன்றி" என்றேன். பாடத்துக்கு வெளியே இருபது நாளில் நான் பேசிய முதல் தமிழ்ச் சொல்.

தேர்வில் பெரிய சாமியார் ஒரு சுவிசேஷப் பகுதியை வாசிக்கச் சொன்னார். மழை ஒரு இடத்தில் வந்தது, சமாளித்தேன். பிறகு, "இங்கே உங்களுக்கு நடந்த எதையாவது சொல்லுங்கள்" என்றார். நான் பெஞ்சுக் கதையைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேன், சட்டையில்லாத ரத்தினத்திலிருந்து சும்மாப் போனதுவரை. அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "போதும், தேறிவிட்டீர்கள்" என்றார். மற்ற இருவரும் என்னைவிட நன்றாகத் தேறினார்கள். அது எனக்கு உறைக்கவில்லை. பத்து வருடம் என்பதுதான் மண்டைக்குள் சங்காக ஊதிக்கொண்டிருந்தது.

அன்றே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தங்கைதான் வாசித்துச் சொல்வாள். தேறிவிட்டேன் என்று எழுதினேன். பிறகு இப்படி எழுதினேன்: "இந்த நாட்டில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, அம்மா. போயிட்டு வரேன் என்கிறார்கள். துறைமுகத்தில் உனக்கு நான் சொல்லாத பதிலை இப்போது சொல்கிறேன். போயிட்டு வரேன்." தமிழ் எழுத்திலும் எழுதி, அதை எப்படி உச்சரிப்பது என்று எங்கள் எழுத்திலும் பக்கத்தில் எழுதினேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் தங்கையின் கடிதம் வந்தது. அம்மா போய்விட்டாள். நெஞ்சு வலி, ஒரே இரவு. அடக்கம் செய்த மூன்றாம் நாள் என் கடிதம் வந்ததாம். வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்களாம். தங்கை எழுதியிருந்தாள்: "உன் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தத் தமிழ் வார்த்தையை அத்தை திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். கேட்க அழகாக இருந்தது."

துக்க வீட்டில் அதைச் சொல்லக்கூடாது என்று அவர்களிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

சங்கு ஊதியதும் மடத்து வாசலில் போய் நின்றேன். ஷிப்டு விட்டு சைக்கிள்கள் கூட்டமாக வந்தன. ரத்தினம் என்னைப் பார்த்ததும் காலை ஊன்றி நின்றார்.

எங்கள் மொழியில் சாவுக்கு இருக்கும் சொல் வாயில் வரவில்லை. புத்தகத்தில் படித்த தமிழ்ச் சொல்லும் வரவில்லை.

"ரத்தினம்" என்றேன். "அம்மா தவறிட்டாங்க."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "எப்ப?"

"ஒரு மாசம் ஆகுது. இன்னைக்குத்தான் தெரியும்."

பள்ளிக்கூடத்து வராந்தாவில் அந்தத் தேக்குப் பெஞ்சு கிடந்தது. என் தோளைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கறையும் இரும்பு வாசனையும். என் அப்பாவும் பட்டறையிலிருந்து இதே வாசனையோடுதான் வருவார். சற்று நேரத்தில் வரதன் வந்தார். தேர்வு முடிந்த பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் பேச்சுக்கென்று வந்துகொண்டிருந்தார். ரத்தினம் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வரதன் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றி, சுவர் இடுக்கில் பறிக்கும் மொட்டைப் பற்றி, துறைமுகத்தைப் பற்றி. எத்தனையோ பிழை விட்டிருப்பேன். வரதன் ஒன்றையும் திருத்தவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ரத்தினம் எழுந்தார். என் முதுகில் ஒரு முறை கையை வைத்து எடுத்தார். வரதன் எழுந்து கூஜாவை எடுத்துக்கொண்டார். ரத்தினத்தின் துக்க நாளைத் தவிர, இத்தனை மாதத்தில் இந்த வாசலில் ஒரு நாள்கூட 'வரேன்' என்று சொல்லாமல் கிளம்பாத இரண்டு பேர்.

படியிறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.